ஐஸ் அரங்கில் யாருடைய முறை?

அவையோருக்கு வணக்கம்.

தலைப்பை அறிவித்ததும் சிலர் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டது மேடையிலிருந்தே தெரிந்தது. அமெரிக்காவில், பாதி வருஷம் உறைந்து கிடக்கும் மினசோட்டா மாநிலத்தில், ஒரு பல்கலைக்கழகத்துப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி. அதன் வரலாறு நமக்கு எதற்கு என்று தோன்றலாம். நியாயம்தான். ஆனால் ஒரு விளையாட்டைப் பெண்கள் ஆட வேண்டுமென்றால் முதலில் எது வேண்டும் என்று கேட்டுப் பார்த்தால், இந்த அணியின் கதை அளவுக்குத் தெளிவாகப் பதில் சொல்லும் இன்னொரு கதையை நான் படித்ததில்லை. திறமை, ஆர்வம், பயிற்சியாளர் எல்லாம் வேண்டும்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் இடமும் நேரமும் வேண்டும்.

ஐஸ் ஹாக்கி தெரியாதவர்களுக்காக இரண்டு வார்த்தை. ஒரு பக்கத்துக்கு ஐந்து பேர், ஒரு கோல்கீப்பர். பந்துக்குப் பதிலாக ரப்பர் வட்டு. இருபது நிமிடம் வீதம் மூன்று பகுதி. அவ்வளவு போதும். முக்கியமான விஷயம் தரை. குளிர்பதன இயந்திரம் வைத்து, குழாய்கள் பதித்து, தண்ணீரை உறையவைத்துச் செய்த தரை அது. கட்டவும் செலவு, நடத்தவும் செலவு. ஒரு மணி நேரம் ஆடினால் தரை கீறிப்போகும். வண்டியை ஓட்டி மறுபடி வழவழப்பாக்க வேண்டும். பள்ளி விட்ட பிறகு, தூங்கப் போகும் முன், ஒரு அரங்கில் கிடைக்கும் நல்ல நேரம் நாலைந்து மணி நேரம்தான். அதற்கு எல்லோரும் போட்டி.

நம் ஊர்ப் பாசனத்தில் முறைத்தண்ணீர் தெரியுமல்லவா? வாய்க்கால் ஒன்று, வயல்கள் பல. யாருக்குப் பகல் முறை, யாருக்கு நடுராத்திரி முறை என்பதைப் பார்த்தாலே ஊரில் யாருக்குச் செல்வாக்கு என்று தெரிந்துவிடும். ஐஸ் அரங்கிலும் அதே கணக்கு. பெண்களுக்கு வெகுகாலம் கிடைத்தது விடியற்காலையும் நடுராத்திரியும்.

அமெரிக்கக் கல்லூரிகளில் பெண்கள் ஐஸ் ஹாக்கி என்றால் பிரவுன் பல்கலைக்கழகத்திலிருந்துதான் தொடங்குவார்கள். அதன் பெண்கள் கல்லூரிக்கு அப்போது பெம்புரோக் என்று பெயர். 1960-களின் நடுவில் அங்கே படித்த நான்சி ஷீஃபலின் என்ற மாணவி, தலைக்கவசம் முதல் கால்வரை முழு உடுப்பும் மாட்டிக்கொண்டு ஆண்கள் அணியின் பயிற்சிக்குள் நுழைந்துவிட்டார் என்று அந்தப் பல்கலைக்கழகத்தில் ஒரு கதை உண்டு. உடுப்புக்குள் இருப்பது பெண் என்று தெரியாமலே எல்லோரும் ஆடினார்களாம். அதற்கப்புறம் பெம்புரோக் பாண்டாஸ் என்ற அணி உருவானது. அமெரிக்காவின் முதல் கல்லூரிப் பெண்கள் ஐஸ் ஹாக்கி அணி அது. பெண்ணென்று தெரியாதவரைதான் தரை கிடைத்தது என்பதைக் கவனியுங்கள்.

பிரவுனை இப்போதைக்கு இங்கேயே விட்டுவிட்டு மினசோட்டாவுக்குப் போவோம். அது ஏரிகளின் மாநிலம். குளிர்காலத்தில் ஏரி உறைந்தால் சிறுவர்கள் மட்டையோடு இறங்கிவிடுவார்கள். சிறுமிகளும் இறங்குவார்கள். 1910-கள், 1920-களிலேயே மினசோட்டா பல்கலைக்கழக மாணவிகள் ஹாக்கி ஆடியிருக்கிறார்கள். நீளப் பாவாடை கட்டிக்கொண்டு பெண்கள் ஹாக்கி ஆடும் படங்களை அந்தக் காலத்து வட அமெரிக்கத் தொகுப்புகளில் பார்க்கலாம். அப்புறம் அந்த ஆட்டம் மெல்ல மறைந்தது. பின்னால் மாணவிகள் தாங்களே சேர்ந்து கிளப் அணி நடத்தினார்கள். கிளப் என்றால் பல்கலைக்கழகத்தின் அதிகாரபூர்வ அணி இல்லை. உதவித்தொகை கிடையாது, நல்ல நேரமும் கிடையாது.

இதற்கு நடுவில் 1972-ல் ஒரு சட்டம் வந்தது. அமெரிக்காவில் டைட்டில் நைன் என்பார்கள். மத்திய அரசின் பணம் பெறும் எந்தக் கல்வி நிறுவனமும் பால் அடிப்படையில் பாகுபாடு காட்டக் கூடாது என்பது அதன் சாரம். விளையாட்டு என்ற சொல்லே அந்த வாசகத்தில் இல்லை. ஆனாலும் அது அதிகமாக அசைத்துப் பார்த்தது விளையாட்டுத் துறையைத்தான். காரணம் எளிது. அமெரிக்கக் கால்பந்துக்கு மட்டும் ஒரு பெரிய பல்கலைக்கழகம் 85 முழு உதவித்தொகை கொடுக்கலாம் என்று 2025 வரை இருந்தது. எல்லாம் ஆண்களுக்கு. அந்தப் பக்கம் 85 என்றால் இந்தப் பக்கம் என்ன என்ற கேள்வி வந்தே தீரும். வந்தது. ஆனால் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் பெண்களுக்கு அதிகாரபூர்வ ஹாக்கி அணி வர 1997 ஆனது. இருபத்தைந்து வருஷம்! சட்டம் இருக்கிறதே, அது பார்த்துக்கொள்ளும் என்று நாம் சொல்கிறபோதெல்லாம் எனக்கு இந்தக் கணக்குதான் நினைவுக்கு வரும்.

1990-களில் என்ன மாறியது? 1990-ல் முதல் பெண்கள் உலக சாம்பியன்ஷிப் போட்டி கனடாவின் ஒட்டாவாவில் நடந்தது. 1998 நாகானோ ஒலிம்பிக்கில் பெண்கள் ஐஸ் ஹாக்கி உண்டு என்று அறிவிப்பு வந்தது. இவையெல்லாம் தெரிந்த காரணங்கள். எனக்குப் பெரிதாகத் தெரிவது வேறொன்று. 1994-ல் மினசோட்டா சட்டமன்றம் ஒரு சட்டம் போட்டது. பொது ஐஸ் அரங்குகள், பெண்கள் அணிகள் கேட்டால் நல்ல நேரத்தில் பங்கு கொடுத்தே ஆக வேண்டும். முதலில் 15 சதவீதம், அடுத்த கட்டத்தில் 30, அதற்கடுத்து 50. சமத்துவம், உரிமை என்று பொதுவாகப் பேசிவிட்டுப் போகாமல், நேரத்தை எண்ணிப் பங்கு போட்ட சட்டம். எழுதியவர்களுக்கு ஐஸ் அரங்கு எப்படி நடக்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும்.

அதே சமயத்தில் பள்ளிகளும் அசைந்தன. பெண்கள் ஹாக்கியை அதிகாரபூர்வப் பள்ளி விளையாட்டாக ஏற்ற முதல் மாநிலம் மினசோட்டாதான். 1995-ல் முதல் மாநிலப் போட்டி நடந்தது, ஆப்பிள் வேலி பள்ளி வென்றது. அதே ஆண்டில் மினியாபொலிஸின் ஆக்ஸ்பர்க் கல்லூரி பெண்கள் அணியைத் தொடங்கியது. சின்னக் கல்லூரி. பக்கத்திலேயே இருந்த பெரிய பல்கலைக்கழகத்தை முந்திக்கொண்டது.

சரி, பெரிய பல்கலைக்கழகத்துக்கு வருவோம். அங்கே அப்போது ஒரு விசித்திரமான ஏற்பாடு இருந்தது. ஆண்கள் விளையாட்டுக்கு ஒரு துறை, பெண்கள் விளையாட்டுக்குத் தனித் துறை, தனி இயக்குநர். 1988 முதல் பெண்கள் துறையை நடத்தியவர் கிறிஸ் வோல்ஸ். ஹாக்கி அணி அவர் காலத்தில்தான் வந்தது. பயிற்சியாளராக லாரா ஹால்டர்சன் அழைக்கப்பட்டார். அவர் மினசோட்டாவில் பிறந்து வளர்ந்தவர்தான். ஆனால் கல்லூரி அணியில் ஆட, கிழக்கே பிரின்ஸ்டன் பல்கலைக்கழகத்துக்குப் போக வேண்டியிருந்தது. ஹாக்கி மாநிலம் என்று பேரெடுத்த ஊரில் பிறந்த பெண்ணுக்கு ஹாக்கி ஆட ஊரில் இடமில்லை. அவரே திரும்பி வந்து அந்த இடத்தை உண்டாக்கினார்.

1997 நவம்பர் 2. முதல் ஆட்டம், எதிரணி ஆக்ஸ்பர்க். ஆண்கள் அணியின் மாரியூச்சி அரங்கில் நடந்தது. பெண்கள் ஆட்டத்துக்குக் கூட்டமே வராது என்று பல வருஷமாகச் சொல்லிக்கொண்டிருந்தார்களே, அன்றைக்கு வந்தவர்கள் 6,854 பேர். மினசோட்டா 8-0 என்று வென்றது. முன்னோடியான ஆக்ஸ்பர்க்கை நினைத்தால் கொஞ்சம் பாவமாகத்தான் இருக்கிறது.

மூன்றாவது பருவத்திலேயே, 2000-ல், தேசியப் பட்டம். இறுதி ஆட்டத்தில் எதிரே நின்றது யார்? பிரவுன். பாண்டாக்களின் வழி வந்த அணி. 4-2 என்று மினசோட்டா வென்றது. இந்த இடத்தில் பிரவுனைப் பற்றி இன்னொன்றும் சொல்ல வேண்டும். 1991-ல் அந்தப் பல்கலைக்கழகம் பெண்களின் ஜிம்னாஸ்டிக்ஸ், கைப்பந்து அணிகளுக்குப் பணத்தை நிறுத்தியது. மாணவிகள் வழக்குப் போட்டார்கள். உச்ச நீதிமன்றம் வரை போய், 1997-ல் பிரவுனின் மேல்முறையீட்டை ஏற்க அது மறுத்துவிட்டது. நாடெங்கும் பல்கலைக்கழகங்கள் பெண்கள் அணிகளைக் கணக்குப் பார்க்க வேண்டிய கட்டாயம் அதனால் கூடியது. பெண்கள் ஹாக்கிக்கு முதலில் கதவைத் திறந்த இடமே பிரதிவாதிக் கூண்டில் நின்றது. முதலில் செய்தவர்கள் கடைசிவரை செய்வார்கள் என்று யாரும் உறுதி சொல்ல முடியாது.

அந்த 2000 அணியில் இரண்டு பேரைச் சொல்லியாக வேண்டும். ஒருவர் வினி ப்ராட். மினசோட்டாப் பெண், முதலில் நியூ ஹாம்ப்ஷயர் பல்கலைக்கழகத்துக்குப் போய் அங்கே 1998-ல் பட்டம் வென்று, பிறகு சொந்த ஊர் அணிக்கு மாறி வந்து மறுபடியும் வென்றார். மற்றவர் கனடாவிலிருந்து வந்த நாடின் மூசரால், கோல் மழை பொழிந்தவர். பின்னால் ஒஹாயோ மாநிலப் பல்கலைக்கழகப் பயிற்சியாளராகி 2022, 2024 தேசியப் பட்டங்களை அந்த அணிக்கு வாங்கித் தந்தார். இன்றைக்கு மினசோட்டாவுக்குத் தலைவலி கொடுப்பவர்களில் ஒருவர் மினசோட்டா வளர்த்த பெண்.

2002-ஐப் பற்றிக் கொஞ்சம் நின்று பேச வேண்டும். அந்த ஆண்டில் ரிடர் அரங்கம் திறந்தது. அமெரிக்காவில் கல்லூரிப் பெண்கள் ஹாக்கிக்கென்றே கட்டிய முதல் அரங்கம். சுமார் 3,400 இருக்கை. மாரியூச்சியை ஒட்டியே நிற்கிறது. பாப் ரிடர், கேத்லீன் ரிடர் தம்பதியின் பெயர் அதற்கு. பாப், 1950-களில் அமெரிக்க ஒலிம்பிக் ஹாக்கி அணியின் மேலாளராக இருந்தவர். கேத்லீன், பெண்கள் விளையாட்டுக்காக ஓயாமல் வாதாடியவர். மாரியூச்சியில் பத்தாயிரம் பேர் உட்காரலாம். அங்கே இரண்டாயிரம் பேர் வந்தால் காலியாகத் தெரியும். ரிடரில் அதே இரண்டாயிரம் பேர் இரைந்தால் காது அடைத்துவிடும். அதைவிட முக்கியம், இங்கே பெண்கள் யாரிடமும் போய் முறை கேட்க வேண்டியதில்லை. உடைமாற்றும் அறை அவர்களுடையது. தரை அவர்களுடையது.

அதே 2002-ல்தான் இரண்டு விளையாட்டுத் துறைகளையும் பல்கலைக்கழகம் ஒன்றாக்கியது. வோல்ஸின் பதவி போனது. ஒன்றாக்கியதால் செலவு குறைந்திருக்கலாம், நிர்வாகம் எளிதாகியிருக்கலாம். இருந்தாலும் பெண்களுக்குக் கட்டடம் வந்த அதே ஆண்டில், அவர்களுக்காக முடிவெடுக்கும் நாற்காலி போனது எனக்கு உறுத்துகிறது.

ரிடர் வந்த பிறகு நடந்ததை வேகமாகச் சொல்லிவிடலாம், ஏனென்றால் பெரும்பாலும் வெற்றிதான். 2004, 2005-ல் அடுத்தடுத்துப் பட்டம். இரண்டு இறுதியிலும் தோற்றது ஹார்வர்ட். 2005 இறுதி ஆட்டம் முடிய 1 நிமிடம் 8 வினாடி இருந்தபோது நடாலி டார்விட்ஸ் அடித்த கோல்தான் முடிவு செய்தது. 2007-ல் ஹால்டர்சன் விலக, பிராட் ஃப்ராஸ்ட் வந்தார். 2012, 2013, 2015, 2016 என்று இன்னும் நான்கு.

2012-13 பருவத்தை மட்டும் தாண்டிப் போக முடியாது. ஆடிய ஆட்டம் 41. வென்றதும் 41. வலையில் பின்லாந்தின் நூரா ராத்தி, முன்னால் அமாண்டா கெஸ்ஸல், ஹன்னா பிரான்ட். ஆனால் கால் இறுதியில் வடக்கு டகோட்டா பல்கலைக்கழக அணி அவர்களை மூன்றாவது கூடுதல் நேரம் வரை இழுத்தது. நான்கரை மணி நேரச் சினிமா மாதிரி நீண்ட ஆட்டம். கெல்லி டெர்ரி கோல் அடித்த பிறகுதான் 3-2 என்று மூச்சு வந்தது. அரையிறுதியிலும் கூடுதல் நேரம். இறுதியில் பாஸ்டன் பல்கலைக்கழகத்தை 6-3 என்று வென்றார்கள், அதுவும் ரிடரிலேயே. முந்தைய பருவத்தில் தொடங்கிய வெற்றி வரிசை 62 ஆட்டம் வரை போனது. 2013 நவம்பரில் அதை முறித்தது யார் தெரியுமா? அதே வடக்கு டகோட்டா.

அந்த வடக்கு டகோட்டாவைப் பற்றிச் சொல்லாமல் போனால் இந்தப் பேச்சு வெறும் புகழ்மாலை ஆகிவிடும். கிராண்ட் ஃபோர்க்ஸ் என்ற சிறு நகரத்தில் அந்தப் பல்கலைக்கழகத்துக்கு 2001-ல் கட்டிய ஒரு ஐஸ் அரங்கு இருக்கிறது. செலவு பத்துக் கோடி டாலருக்கு மேல். அரண்மனை. பெண்கள் அணியும் அங்கேதான் ஆடியது. மோனிக், ஜோஸ்லின் லாமரூ என்ற இரட்டைச் சகோதரிகள் முதல் வருஷம் மினசோட்டாவில் ஆடிவிட்டு, சொந்த ஊரான இங்கே மாறி வந்தார்கள். அணி எழுந்தது. 2017 மார்ச்சில், பணப் பற்றாக்குறை என்று சொல்லிப் பல்கலைக்கழகம் பெண்கள் ஹாக்கியை மூடிவிட்டது. ஆண்கள் ஹாக்கி தொடர்ந்தது. பதினோரு மாதம் கழித்து தென்கொரியாவில் ஒலிம்பிக் இறுதி ஆட்டம். கனடாவுக்கு எதிராகக் கடைசிப் பகுதியில் ஆட்டத்தைச் சமன் செய்தவர் மோனிக். ஷூட்-அவுட்டில் வெற்றி கோல் அடித்தவர் ஜோஸ்லின். இருபது வருஷத்துக்குப் பிறகு அமெரிக்காவுக்குத் தங்கம். அவர்களை உருவாக்கிய அணி அப்போது உலகத்தில் இல்லை.

அப்படியானால் கட்டடம் மட்டும் போதாது என்று ஆகிறது. கட்டடம் யாருக்காகக் கட்டப்பட்டது, கணக்கு எழுதும்போது மேஜையில் யார் உட்கார்ந்திருந்தார்கள் என்பதும் சேர வேண்டும். மினசோட்டா அணி நிலைத்ததற்குப் பட்டங்கள் ஒரு காரணம்தான். பெண்களுக்கென்றே ஓர் அரங்கு நிற்கிறது. அதை மூடினால் எல்லோர் கண்ணிலும் படும். பிறர் அரங்கில் ஆடுபவர்களை அனுப்பிவிட்டால் தரை வழக்கம்போல இருக்கும்.

கெஸ்ஸலைப் பற்றி ஒரு வார்த்தை, எனக்குப் பிடித்தவர் என்பதால். 2014 ஒலிம்பிக் சமயத்தில் தலையில் அடிபட்டு மூளை அதிர்ச்சி. இனி ஆட மாட்டார் என்றே நினைத்தார்கள். 2016 பிப்ரவரியில் திரும்பி வந்தார். அடுத்த மாதம் தேசிய இறுதி. எதிரே அந்தப் பருவம் முழுவதும் தோல்வியே காணாத பாஸ்டன் கல்லூரி. மினசோட்டா 3-1 என்று வென்றது. வெற்றி கோல் கெஸ்ஸலுடையது. அதுதான் அவருடைய கடைசிக் கல்லூரி ஆட்டம்.

அதற்கப்புறம் மினசோட்டாவுக்குத் தேசியப் பட்டம் வரவில்லை. 2025 இறுதிப் போட்டிகள் ரிடரிலேயே நடந்தன. அரையிறுதியில் விஸ்கான்சின் பல்கலைக்கழக அணியிடம் மினசோட்டா தோற்றது. சொந்த வீட்டில் விருந்தாளிகள் கோப்பை தூக்குவதைப் பார்க்க வேண்டியதாயிற்று. ஆனால் படித்து முடித்தவர்களுக்கு இப்போது போக ஓர் இடம் இருக்கிறது. பெண்களுக்கான தொழில்முறை லீக் 2024 ஜனவரியில் தொடங்கியது. அதன் முதல் வீராங்கனைத் தேர்வில் முதலாவதாக எடுக்கப்பட்டவர் மினசோட்டா பல்கலைக்கழகத்தின் டெய்லர் ஹைஸ். முதல் கோப்பையையும் அந்த லீகின் மினசோட்டா அணியே வென்றது. அப்போது அதன் பொது மேலாளராக இருந்தவர் வேறு யாருமில்லை, 2005-ல் கடைசி நேரத்தில் கோல் அடித்த டார்விட்ஸ்.

இப்போது புதிதாக ஒரு கணக்கு வந்திருக்கிறது. 2025 முதல் அமெரிக்கப் பல்கலைக்கழகங்கள் விளையாட்டு மாணவர்களுக்கு நேரடியாகப் பணம் கொடுக்கலாம். ஒரு பல்கலைக்கழகத்துக்கு ஆண்டுக்கு இரண்டு கோடி டாலருக்குக் கொஞ்சம் மேல் என்று உச்சவரம்பு. அதில் பெரும்பங்கு ஆண்கள் கால்பந்துக்கும் கூடைப்பந்துக்கும்தான் போகும் என்பது அங்கே எல்லோரும் சொல்வது. பெண்கள் ஹாக்கிக்கு எவ்வளவு, அதை எந்தச் சட்டத்தை வைத்துக் கேட்பது என்று இப்போதே வாதம் நடக்கிறது. 1994-ல் நேரத்தை 15, 30, 50 என்று பங்கு போட்டதைப் போலப் பணத்தையும் போட யாராவது முன்வருவார்களா என்று நானும் பார்த்துக்கொண்டிருக்கிறேன்.

எனக்குக் கொடுத்த நேரம் தாண்டிவிட்டது. கேள்விகள் இருந்தால் கேளுங்கள்.