ரசாயனமும் மழைக்காலக் காய்ச்சலும்: சந்தேகங்களுக்கு விளக்கம்

வணக்கம். குமரி மாவட்டம் திருவட்டாறுக்கு அருகிலிருந்து ஒரு சகோதரி அனுப்பிய கேள்வியை முதலில் வாசித்துவிடுகிறேன். "என் வீட்டுக்காரர் ரப்பர் பால் வெட்டுகிறார், ஷீட் அடிக்க ஆசிட் கலக்குவதும் அவர்தான். நான் 12 ஆண்டுகளாக அண்டி ஆபீசில் (முந்திரிப் பருப்புத் தொழிற்சாலையில்) தோடு உடைக்கிறேன். ரசாயனம் உடம்பில் சேர்ந்தால் தடுப்பூசிகூடப் பிடிக்காது என்று போன காணொளியில் சொன்னீர்கள். மழைக்காலம் தோறும் எங்கள் வீட்டில் வரும் காய்ச்சலுக்கு இதுதான் காரணமா? 10 வயது மகளுக்குப் பள்ளியில் போடும் ஊசி வீண்தானா?"

ஊசி பிடிக்காது என்று நான் சொன்னதாக உங்கள் காதில் விழுந்திருந்தால், விரைந்து பேசிவிட்ட பிழை என்னுடையது. நான் குறிப்பிட்டது ஆய்வாளர் பிலிப் கிராண்ட்ஜீன் குழுவினர் 2012இல் வெளியிட்ட ஆய்வு. வட அட்லாண்டிக்கில் உள்ள பரோயே தீவுகளில் 587 குழந்தைகளைப் பின்தொடர்ந்து பார்த்தபோது, பிஎஃப்ஏஎஸ் எனப்படும் ஃபுளோரின் சேர்மங்கள் 5 வயதில் ரத்தத்தில் இரு மடங்காக இருந்த குழந்தைகளுக்கு, தொண்டை அடைப்பான் (டிப்தீரியா), ரணஜன்னி (டெட்டனஸ்) ஆகியவற்றுக்கு எதிராக உடல் உண்டாக்கும் எதிர்ப்பொருள் (ஆன்டிபாடி) 7 வயதில் ஏறத்தாழ 49 விழுக்காடு குறைவாக இருந்தது. அங்கே அளக்கப்பட்டது எதிர்ப்பொருள்தான். அந்தக் குழந்தைகளுக்கு நோய் வந்ததா என்பது அல்ல. அத்தீவுகளில் திமிங்கில வகை உயிரி ஒன்றின் இறைச்சியை உண்ணும் பழக்கம் உண்டு என்பதும், அச்சேர்மங்கள் உடலில் சேர அதுவும் ஒரு வழி என்பதும் நினைவில் இருக்கட்டும். இதைக் கேட்டுவிட்டு யாரும் சாளை மீனைக் கண்டு அஞ்ச வேண்டியதில்லை.

உங்கள் வீட்டுக்காரர் கையாளும் ஃபார்மிக் ஆசிட் முற்றிலும் வேறு இனம். பிஎஃப்ஏஎஸ் ஆண்டுக்கணக்கில் ரத்தத்தில் தங்கும். ஃபார்மிக் ஆசிட்டை உடல் உடைத்து வெளியேற்றிவிடும். அது செய்யும் கேடு தொட்ட இடத்தில்தான்: தோலைச் சுடும், ஆவி கண்ணையும் தொண்டையையும் எரிக்கும். அண்டித் தோட்டில் ஊறிவரும் எண்ணெயும் அப்படியே. சாம்பலோ எண்ணெயோ பூசிக்கொண்டு உட்கார்ந்தாலும் விரல் கறுத்து, தோல் உரிந்து, வெடித்துப்போவதை நான் உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. "ரசாயனம் எதிர்ப்புச் சக்தியைக் குறைக்கிறது" என்ற ஒரே வாசகத்தால் எல்லாவற்றையும் விளக்கிவிட முடியாது என்பதை இந்த இடத்தில்தான் பார்க்கிறோம். எலிக்காய்ச்சலை உண்டாக்கும் லெப்டோஸ்பைரா கிருமி, எலியின் சிறுநீர் கலந்த நீரிலும் சேற்றிலும் இருந்து, கீறலும் வெடிப்பும் உள்ள தோல் வழியாகவும் கண், வாய் வழியாகவும் உள்ளே நுழைகிறது. ஆசிட் பட்டு வெடித்த கையோடு வாழைத் தோட்டத்துச் சேற்றில் இறங்குபவருக்கு ரத்தத்தின் எதிர்ப்பு ஆற்றல் குறைந்திருக்க வேண்டும் என்பதில்லை, வாசல் திறந்து கிடந்தாலே போதும். கையுறையும் காலணியும் அதற்காகத்தான். வெடிப்பு ஆறும்வரை சேற்று வேலையை வேறொருவர் பார்த்துக்கொள்வது அதைவிட நல்லது.

இனி மழைக்காலக் காய்ச்சல். ரப்பர் வேலை செய்யும் வீடுகளில் காய்ச்சல் அதிகம் என்று ஓர் ஆய்வாளர் கணக்கெடுத்தால் ஆசிட்டின் மேல் பழி போட்டுவிடுவது எளிது. ஆனால் அதே தோட்டத்தில், மழைக்காக வெட்டு நிறுத்திய நாள்களில், பால் பிடிக்க மரத்தில் கட்டிய சிரட்டைகள் நீர் நிறைந்து நிற்கின்றன. டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் அல்போபிக்டஸ் கொசு அவற்றில் முட்டையிடுகிறது. இரண்டும் ஒரே வீட்டில், ஒரே பருவத்தில் சேர்ந்தே நிகழ்வதால், சிரட்டையைக் கணக்கில் எடுக்காத ஆய்வு ஆசிட்டைக் குற்றவாளியாக்கிவிடும். உங்கள் வீட்டுக் காய்ச்சலைப் பற்றி என் ஊகத்தைக் கேட்டால், ஆசிட் பாட்டிலுக்கு முன்பாகச் சிரட்டைகளைத்தான் பார்ப்பேன். வெட்டு நிற்கும் நாளில் அவற்றைக் கவிழ்த்து வைக்கச் சொல்லுங்கள்.

தொழிலிடத் தூசு தொற்றுநோய்க்கு வழிவிடுகிறது என்பதற்கு மிக வலுவான சான்று காசநோயில் இருக்கிறது. பாறையை உடைக்கும்போது எழும் சிலிக்காத் துகள், நுரையீரலின் நுண்ணறைகளில் காவலிருக்கும் விழுங்கணுக்களையே சிதைக்கிறது. காசநோய்க் கிருமியை விழுங்கி அடக்க வேண்டிய அணுக்கள் அவைதாம். தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கத் தொழிலாளர்களிடம் பல பத்தாண்டுகளாகக் கண்டறிந்த உண்மை இது. நம் மாவட்டத்தில் குவாரியிலும் கிரஷரிலும் வேலை செய்பவர்கள், இரண்டு வாரத்துக்கு மேல் இருமல் நீடித்தால் சளிப் பரிசோதனை செய்துகொள்ள வேண்டும். சிகரெட் இருமல் என்று தள்ளிவிடுவதைப் பலரிடம் பார்த்திருக்கிறேன்.

இவ்வளவு தெளிவு எல்லா இடத்திலும் கிடைப்பதில்லை. விறகுப் புகை குழந்தைகளுக்கு நிமோனியாவை வரவழைக்கும் என்று நானும் நெடுங்காலம் ஐயமின்றிப் பேசி வந்தவன். நம் விழுப்புரம், நாகப்பட்டினம் பகுதிகள் உள்பட நான்கு நாடுகளின் ஊர்களில் சுமார் 3,200 கர்ப்பிணிகளைச் சேர்த்து, பாதிப் பேருக்கு எரிவாயு அடுப்பு கொடுத்துப் பார்த்த பரிசோதனையின் முடிவு 2024இல் வெளிவந்தது. புகை வெகுவாகக் குறைந்தது. ஆனால் கைக்குழந்தைகளின் கடும் நிமோனியா குறிப்பிடும்படி குறையவில்லை. கண்ணெரிச்சலும் நெஞ்சிரைப்பும் உள்ள வீட்டில் புகையைக் குறைக்க வேண்டும் என்ற என் ஆலோசனை மாறவில்லை. நிமோனியாவைக் காட்டி அதை வலியுறுத்துவதை மட்டும் நிறுத்திக்கொண்டேன்.

உங்கள் மகளுக்கு வருகிறேன். 10 வயதிலும் 16 வயதிலும் அரசு போடும் டிடி ஊசி ரணஜன்னிக்கும் தொண்டை அடைப்பானுக்கும் உரியது. பரோயே தீவுக் குழந்தைகளைப் போல எதிர்ப்பொருள் குறைந்திருந்தாலும், அதை மீண்டும் உயர்த்துவதற்கான வழியும் அதே ஊக்க ஊசிதான். ரத்தத்தில் ரசாயனம் இருக்கிறதா என்று பணம் செலவழித்துப் பார்க்கத் தேவையில்லை. பள்ளியில் ஊசி போடும் நாளில் அவளை விடுப்பு எடுக்கவிடாமல் அனுப்பி வையுங்கள்.