காதால் படிக்க வேண்டிய கல்

அவையோருக்கு வணக்கம். வௌவாலைப் பாழ்மண்டபத்தோடு சேர்த்தே நினைத்துப் பழகிய நமக்கு, சீனத்தின் சிங் அரசமரபுக் காலத்தில் ஜேட் என்னும் கடினமான மணிக்கல்லில் செய்த கிண்ணம் ஒன்றில் ஐந்து வௌவால்கள் சிறகு விரித்திருப்பதைக் கண்டால் வியப்பாகவே இருக்கும். சீன மொழியில் வௌவாலின் பெயரில் வரும் 'ஃபூ' என்ற அசையும் நற்பேற்றைக் குறிக்கும் 'ஃபூ' என்ற சொல்லும் எழுத்தால் வேறுபட்டாலும் ஒலியால் ஒன்றே. ஆகவே ஐந்து வௌவால்கள் நீண்ட ஆயுள், செல்வம், நலவாழ்வு, அறநாட்டம், நல்ல முடிவு என்னும் ஐம்பேறுகளாகிவிடுகின்றன. பழஞ்சீன ஜேட் வேலைப்பாட்டின் மங்கலச் சின்னங்களில் பல இத்தகைய சிலேடைகளே. உருவத்தின் பெயரை வாய்விட்டுச் சொல்லிப் பார்த்தால்தான் வாழ்த்து காதில் விழும். குதிரைமேல் குரங்கு அமர்ந்திருந்தால், 'விரைவில் உயர்பதவி கிட்டுக' என்று பொருள். 'குதிரைமேல்' என்னும் தொடருக்கு 'உடனே' என்றும், குரங்கைக் குறிக்கும் ஒலிக்குப் பிரபுப் பட்டம் என்றும் அங்கே இன்னொரு பொருள் உண்டு.

இந்தச் சிலேடையில் கல்லுக்கும் பங்கு இருந்தது என்பதே என்னை மிகவும் கவர்ந்த செய்தி. ஜேட் உளிக்கு வசப்படாது. மிதித்துச் சுழற்றும் வட்டத் தகட்டில் ஈர மணலை இட்டு, நாள்கணக்கில் தேய்த்துத் தேய்த்தே உருவம் எடுக்க வேண்டும். 1759இல் மேற்கே உள்ள சின்ஜியாங் பகுதி சிங் மரபின் சியான்லோங் பேரரசரின் ஆட்சிக்குள் வந்தபின், அங்குள்ள கோத்தான் ஆற்று ஜேட் கற்கள் தலைநகர் பெய்ஜிங்குக்குத் தாராளமாக வந்தன. அவற்றுள் சில உள்ளே வெண்மையாகவும் மேல்தோலில் துருப்பிடித்தாற்போன்ற செம்பழுப்பாகவும் இருக்கும். தேர்ந்த கைவினைஞர் அந்தத் தோலைக் கழிக்காமல், அதிலேயே வௌவாலைச் செதுக்குவார். 'சிவப்பு' என்பதும் 'பெருகிய' என்பதும் சீனத்தில் 'ஹொங்' என்று ஒரே ஒலியாக இருப்பதால், செவ்வௌவால் பெரும்பேறு ஆகிறது. கல்லின் கறையே சொல்லாகிவிடுகிறது.

தைவானின் தைபே நகரிலுள்ள தேசிய அரண்மனை அருங்காட்சியகத்தில் 18.7 செ.மீ. நீளமுள்ள ஜேட் முட்டைக்கோஸ் ஒன்று இருக்கிறது. விரிசலும் திட்டும் விழுந்த கல். வெண்பகுதி தண்டாகவும் பச்சைப்பகுதி இலையாகவும் மாற, விரிசல்கள் நரம்புகளுக்குள் மறைந்துவிட்டன. இலை நுனியில் ஒரு பச்சை வெட்டுக்கிளியும் அதன் இனத்தைச் சேர்ந்த இன்னொரு பூச்சியும் உண்டு. ஏராளமாக முட்டையிடும் இவை மக்கட்பேற்றின் சின்னங்கள். 1889இல் அரண்மனைக்கு வந்த ஜின் என்னும் அரசத் துணைவியின் மாளிகையில் இருந்த பொருள் இது; அவருடைய சீதனமாக இருக்கலாம் என்றும் கருதுகின்றனர். அவர் கணவரான குவாங்சூ பேரரசருக்குக் குழந்தையே பிறக்கவில்லை.