மென்பொருள் வாங்கும் முன் ஒரு மிளகாய் மூட்டையைப் பின்தொடருங்கள்

வணக்கம். பினாங்கு லெபோ பாசாரில் எங்கள் மசாலாக் கடை மாடியில் இருந்து பேசுகிறேன். சனிக்கிழமை, கீழே கூட்டம், அதனால் கொஞ்சம் சத்தம் இருக்கும்.

போன வாரம் பிறையில் ஒரு கல்யாண வீட்டில் தம்பி ஒருவர் பிடித்துக்கொண்டார். "அக்கா, கடையில் கணக்கும் ஸ்டாக்கும் பார்க்க எந்த மென்பொருள் வாங்கலாம்? பெயரை மட்டும் சொல்லுங்கள்." பெயர் சொல்வது எளிது. ஆட்டோகவுண்ட், எஸ்கியூஎல் அக்கவுண்ட் எல்லாம் இங்கே உள்ள கணக்காளர்களுக்குப் பழக்கமானவை. ஓடூவின் சமூகப் பதிப்பும் ஈஆர்பிநெக்ஸ்டும் திறந்த மூல மென்பொருள்கள், அதாவது நிரலை யாரும் பார்க்கலாம், மாற்றலாம். தமிழ்நாட்டுக்காரர்கள் உருவாக்கிய ஸோஹோவும் இருக்கிறது. ஆனால் பெயரில் தொடங்கித்தான் நாங்கள் முதல் முறை ஏமாந்தோம்.

அப்போது டெமோ காட்ட வந்தவர் பேனாவை வாங்கிப் பேனாவை விற்றுக் காட்டினார். அழகாக இருந்தது, பணம் கட்டிவிட்டோம். எங்கள் தொழில் பேனா இல்லையே! 50 கிலோ காய்ந்த மிளகாய் மில்லுக்குப் போனால் காம்பு கிள்ளி, வறுத்து, அரைத்து வரும்போது 46 கிலோதான் இருக்கும். அந்த மென்பொருளுக்கு இது தெரியாது. உள்ளே போனது 50 என்றால் வெளியே வருவதும் 50. மாதக் கடைசியில் ஸ்டாக் குறைகிறது. எங்கள் மில்லில் இருபது வருடமாக வேலை பார்க்கும் அண்ணனைக் கூப்பிட்டு அப்பா கேள்வி கேட்டார். அண்ணன் பதில் சொல்லாமல் நின்றது இன்னும் என் கண்ணில் இருக்கிறது. திரையில் இருந்த எண்ணை நம்பி ஒரு மனிதரைச் சந்தேகப்பட்டோம்.

அப்புறம்தான் நானே ஒரு வாரம் நோட்டுப் புத்தகத்தோடு ஒரு மூட்டையின் பின்னால் நடந்தேன். யார் இறக்குகிறார்கள், யார் எடை போடுகிறார்கள், எந்தச் சீட்டில் எழுதுகிறார்கள், 100 கிராம் பாக்கெட்டாக மாறி எந்தக் கடைக்குப் போகிறது, பணம் எப்போது வருகிறது என்று எல்லாவற்றையும் குறித்தேன். எங்களிடம் வாங்கும் ஒரு நாசி கண்டார் சாப்பாட்டுக் கடை பதினைந்து நாளுக்கு ஒரு முறை, அதுவும் பாதிப் பாதியாகத்தான் பணம் தரும். இதையும் எழுதிக்கொண்டேன்.

அந்த நோட்டை வைத்து மூன்று விற்பனையாளர்களிடம் சொன்னேன்: உங்கள் மாதிரிப் பொருள் வேண்டாம், என் மூட்டையை இதில் ஓட்டிக் காட்டுங்கள். ஒருவர் திரும்ப வரவே இல்லை. இன்னொருவர் "வாங்குங்கள், பிறகு செய்து தருகிறோம்" என்றார். மூன்றாமவர் என் முன்னால் உட்கார்ந்து, அரைவைச் சேதாரத்தைத் தனியாகப் பதிந்து, 46 கிலோவைக் காட்டினார். அவரிடம்தான் வாங்கினோம்.

இ-இன்வாய்ஸையும், அதாவது வரி வாரியத்துக்கு அனுப்ப வேண்டிய மின்னணு பில்லையும், டெமோவிலேயே பார்த்துவிடுங்கள். மலேசிய வருமான வரி வாரியம் இதைக் கட்டாயமாக்குவதை 2024 ஆகஸ்ட் 1இல், ஆண்டுக்கு 10 கோடி வெள்ளிக்கு மேல் விற்பனை உள்ள நிறுவனங்களோடு தொடங்கியது. இப்போது 2026 ஜனவரி 1 முதல், விற்பனை 10 லட்சம் வெள்ளியைத் தாண்டிய சிறு நிறுவனங்கள் வரை வந்துவிட்டது. வாரியத்தின் மைஇன்வோய்ஸ் இணையதளத்தில் இலவசமாகவே அனுப்பலாம். ஆனால் பில் அதிகம் என்றால் மென்பொருளே நேராக அனுப்ப வேண்டும், இல்லாவிட்டால் ஒரே வேலையை இரண்டு முறை செய்வீர்கள். தவறான பில்லை ரத்து செய்ய 72 மணி நேரம்தான். அதை எப்படிச் செய்வது என்று உங்கள் கண் முன்னால் செய்யச் சொல்லுங்கள்.

சம்பளக் கணக்கு, இபிஎஃப் (ஊழியர் சேமநிதி), சொக்சோ (தொழிலாளர் காப்பீடு) எல்லாம் பெரும்பாலும் தனிப் பகுதியாக விற்பார்கள். ஊழியர்கள் ஐந்தாறு பேர்தான் என்றால் அதை வாங்க அவசரம் இல்லை.

இன்னொன்று, விலகும் வழி. கணக்குகளை 7 வருடம் வைத்திருக்க வேண்டும். நாளை சந்தாவை நிறுத்தினால் எல்லாத் தரவும் எக்ஸெல் கோப்பாகக் கையில் வருமா? வாய் வார்த்தை போதாது, ஒப்பந்தத்தில் பாருங்கள். பழைய மென்பொருளில் இருந்து எங்கள் வாடிக்கையாளர் பாக்கியை வெளியே எடுக்க முடியாமல், ஒவ்வொன்றாகக் கையால் தட்டினோம்.

புதியதைப் போட்ட பிறகும் இரண்டு மாதம் நோட்டில் எழுதுவதையும் விடவில்லை. இரண்டும் ஒத்துப்போன பிறகுதான் நோட்டை மூடினோம். இப்போது அரைவை எடையை மில் அண்ணனே டேப்லெட்டில் பதிகிறார். போன மாதம் அப்பா அவர் பக்கத்தில் உட்கார்ந்து அதை எப்படிப் பதிவது என்று கேட்டுக் கற்றுக்கொண்டார்.