முகமூடிக்கு உதடு இல்லை

(காரைக்குடியில் குழந்தைகளும் பெற்றோரும் கூடிய அரங்கில், ஓர் அத்தியாயத்தைத் திரையிடுவதற்கு முன் பேசியதன் எழுத்து வடிவம்)

ஆச்சிமார்களே, அண்ணன்மார்களே, முன்வரிசையில் தரையில் உட்கார்ந்திருக்கும் தம்பி தங்கைகளே, எல்லோருக்கும் வணக்கம்.

இன்னும் சற்று நேரத்தில் இந்தத் திரையில் பவர் ரேஞ்சர்ஸ் தொடரின் முதல் அத்தியாயம் ஓடப்போகிறது. இருபது நிமிடம்தான். அமெரிக்காவில் 1993 ஆகஸ்ட் 28-ஆம் தேதி ஒளிபரப்பானது. கதை உங்களில் பலருக்கு மனப்பாடம். பத்தாயிரம் ஆண்டு அடைபட்டுக் கிடந்த சூனியக்காரி ரீட்டாவை, நிலாவில் இறங்கிய இரண்டு விண்வெளி வீரர்கள் தெரியாமல் திறந்துவிடுகிறார்கள். ஸோர்டன் என்பவர் பள்ளிக்கூடப் பிள்ளைகள் ஐந்து பேரை வரவழைத்து, ஆளுக்கொரு நிறமும் ஆற்றலும் தந்து ரேஞ்சர்கள் ஆக்குகிறார். கோல்டார் என்ற அரக்கன் கோபுர உயரம் வளர்கிறான். ஐவரின் இயந்திர விலங்குகளும் ஒன்றாகப் பூட்டிக்கொண்டு மெகாசார்ட் என்ற ராட்சத இயந்திர மனிதன் ஆகின்றன. அவன் தோற்று ஓடுகிறான். இன்றைக்குக் கதையை இதோடு விட்டுவிடுவோம். துணியைத் திருப்பிப் போட்டுத் தையலைப் பார்ப்போம்.

இந்த ஒரே அத்தியாயம் இரண்டு நாடுகளில், இரண்டு குழுக்கள் எடுத்தது. முகமூடி போட்ட சண்டை, அரக்கர்கள், இயந்திர விலங்குகள், ரீட்டாவின் அரண்மனை ஆகியவற்றில் பெரும்பகுதி, ஜப்பானில் தோயெய் நிறுவனம் 1992-இல் தொடங்கி 50 அத்தியாயங்கள் எடுத்த ஜூரேஞ்சர் தொடரிலிருந்து வந்தது. முகமூடி இல்லாத காட்சிகள், அதாவது பிள்ளைகள் பேசுவது, சிரிப்பது, பழச்சாறு குடிப்பது எல்லாம் அமெரிக்காவில் புதிதாக எடுத்தவை. ஜூரேஞ்சரில் அந்த ஐவர் பள்ளிப் பிள்ளைகளே அல்ல. டைனோசர் காலத்திலிருந்து தூங்கி எழுந்த வீரர்கள். கதை வேறு, ஆட்கள் வேறு, மொழி வேறு. ஒட்டவைப்பதற்கு ஒரு வசதி இருந்தது: இரண்டு நாட்டிலும் அன்றைக்கு டிவி முறை ஒன்றே, படத்தை 525 வரியாகக் காட்டும் என்.டி.எஸ்.சி. நம் நாட்டில் அப்போது 625 வரி பி.ஏ.எல். (PAL) முறை.

அதைவிடப் பெரிய வசதி தலைக்கவசம். முகம் மறைந்த நொடியில் உள்ளே இருப்பவர் யார் என்ற கேள்வி போய்விடுகிறது. ஸோர்டன் பிள்ளைகளுக்கு மூன்று விதி சொல்வார்: ஆற்றலைச் சொந்த லாபத்துக்குப் பயன்படுத்தாதே, எதிரி வலுக்கட்டாயப்படுத்தாமல் சண்டையைப் பெரிதாக்காதே, நீ யார் என்பதை வெளியே சொல்லாதே. மூன்றாவது விதி கதைக்குள் ஒழுக்க விதி. எடிட்டிங் மேசையில் அதுதான் இந்தத் தொடர் முழுவதையும் தாங்கும் தூண்.

டப்பிங்கைப் பற்றி இந்த ஊரில் பேசாமல் வேறு எந்த ஊரில் பேசுவது? காரைக்குடியில் பிறந்த ஏ.வி. மெய்யப்பன், 1943-இல் கன்னடத்தில் எடுத்த ஹரிச்சந்திராவுக்குத் தமிழ்க் குரல் கொடுத்து அடுத்த ஆண்டு வெளியிட்டார். இந்தியாவில் ஒரு மொழியிலிருந்து இன்னொரு மொழிக்கு டப் செய்த முதல் படம் என்று அதைத்தான் சொல்கிறார்கள். அன்றைக்கு எதிரே நின்ற சிக்கல் என்ன? கன்னடமும் தமிழும் அக்கா தங்கை. இரண்டிலும் வினைச்சொல் கடைசியில் வரும். அப்படியிருந்தும் 'பால்' என்று சொல்லிப் பாருங்கள், உதடு மூடித் திறக்கும். கன்னடத்தில் அது 'ஹாலு'. வாய் திறந்தபடியே தொடங்கும். நம் 'போ' அங்கே 'ஹோகு'. அர்த்தம் அப்படியே இருந்தாலும் உதடு காட்டிக்கொடுத்துவிடும். ஆகவே டப்பிங் வசனம் எழுதுகிறவர் முதலில் வாய் எங்கே திறக்கிறது, எங்கே மூடுகிறது என்று குறித்துக்கொள்வார். அடுத்து ப, ம இரண்டுக்கும் உதடு ஒட்டும் இடங்களைக் குறிப்பார். அகராதியை அதற்குப் பிறகுதான் தொடுவார். க்ளோஸ்-அப்பில் இந்தக் கணக்கு தப்பினால், எவ்வளவு நல்ல வசனமானாலும் ரசிகன் காது அதை ஏற்காது.

இப்போது ரீட்டாவுக்கு வாருங்கள். இந்த அத்தியாயத்தில் ஜப்பானியக் காட்சிகளில் வெறும் முகத்தோடு அதிகம் பேசுவது அவர்தான். திரையில் தெரிவது மச்சிகோ சோகா என்ற ஜப்பானிய நடிகை. கேட்பது பார்பரா குட்சன் என்ற அமெரிக்கப் பெண்மணியின் கரகரத்த குரல். ஜப்பானிய மொழியிலும் நம்மைப் போல வினைச்சொல் கடைசியில் வரும். ஆங்கிலத்தில் அது நடுவிலேயே வந்துவிடும். சோகா அழுத்திச் சொல்லும் இடத்தில் ஆங்கில வாக்கியம் முடிந்துபோயிருக்கும். அந்த இடைவெளியைக் கத்தலாலும் சிரிப்பாலும் குட்சன் நிரப்புகிறார். குழந்தைகளுக்குப் பயமாகவும் வேடிக்கையாகவும் இருந்த அந்தக் கத்தலுக்குப் பின்னால் இப்படியொரு தேவை இருக்கிறது. இந்த அத்தியாயத்தில் என் மனசுக்கு மிகச் சிறந்த நடிப்பு ரீட்டாதான். இரண்டு பெண்களுக்கும் சேர்த்துக் கைதட்ட வேண்டும்.

ரேஞ்சர்களுக்கு அந்தச் சங்கடமே கிடையாது. முகமூடிக்குள் உதடு தெரியாது. எந்த மொழியையும் அதன்மேல் வைக்கலாம். ஆனால் ஐந்து பேர் வரிசையாக நின்றால் பேசுவது யார்? பொம்மலாட்டம் பார்த்தவர்களுக்குப் பதில் தெரியும்: ஆடுகிற பொம்மைதான் பேசுகிறது. கவசத்துக்குள் இருக்கும் சண்டைக் கலைஞர் தன் முறை வந்ததும் தலையை வெட்டி அசைப்பார், கையை வீசுவார். மற்ற நால்வரும் அசையாமல் நிற்பார்கள். அவர்கள் முகம் கடைசிவரை தெரிவதில்லை. அந்தக் கலைஞர்கள் இல்லையென்றால் ரேஞ்சர் என்று ஒருவரும் இல்லை.

தையல் பிரிந்து தெரியும் இடம் மஞ்சள் ரேஞ்சர். இளஞ்சிவப்பு ரேஞ்சரின் உடையில் சிறு பாவாடை உண்டு, மஞ்சளுக்கு இல்லை. அமெரிக்கக் கதையில் மஞ்சள் டிரினி என்ற பெண். ஜப்பானில் அது 'போயி' (Boi) என்ற பெயருள்ள இளைஞன். பெயரை மாற்றலாம், குரலை மாற்றலாம். எடுத்து முடித்த படத்தில் பாவாடை தைக்க முடியாது. (தம்பிகளுக்கு இன்னொன்று: ஐவருக்கும் டைனோசர் ஆற்றல் என்றுதான் கதை சொல்லும். அதில் மாஸ்டோடானும் வாள்பல் புலியும் பாலூட்டிகள். டெரோடாக்டைல் பறக்கும் ஊர்வன. உண்மையான டைனோசர் இரண்டுதான்.)

கடைசியாக மெகாசார்ட். ஆள் உயர உடைக்குள் ஒருவர் நிற்கிறார். சுற்றிலும் பொம்மை நகரம். இருபத்தைந்தில் ஒரு பங்கு அளவில் செய்கிறோம் என்று வையுங்கள். பத்து மீட்டர் உயரமுள்ள நம் செட்டிநாட்டு வீட்டு முகப்பு 40 சென்டிமீட்டர் ஆகிவிடும். உருவம் சுருங்கினாலும் புவியீர்ப்பு சுருங்காது. 25 மீட்டர் உயரத்திலிருந்து கல் விழ ஏறக்குறைய 2.25 விநாடி ஆகும். ஒரு மீட்டரிலிருந்து 0.45 விநாடி. ஐந்து மடங்கு வேகம். அப்படியே காட்டினால் பொம்மை என்று குழந்தைக்கும் தெரிந்துவிடும். 25-க்கு வர்க்கமூலம் 5. எனவே விநாடிக்கு 24 பிரேமுக்கு (தனித்தனிப் படத்துக்கு) பதில் 120 பிரேம் ஓட்டி எடுத்து, 24-இல் திரையிட வேண்டும். அப்போதுதான் கனம் வரும். ஆனால் ஒவ்வொரு பிரேமுக்கும் கிடைக்கும் வெளிச்சம் ஐந்தில் ஒரு பங்காகிவிடும். விளக்கை ஐந்து மடங்கு கூட்ட வேண்டும். உடைக்குள் இருப்பவர் வெந்துபோவார். கேமராவைத் தரையோடு தரையாக, பொம்மைத் தெருவில் நிற்கும் மனிதனின் கண்மட்டத்தில் வைக்க வேண்டும். இவ்வளவு செய்தும் தீயும் தண்ணீரும் ஏமாற்றும். நீர்த்துளியைச் சுருக்க முடியாது. பொம்மை அலையில் அது பூசணிக்காய் அளவு தெரியும்.

இப்போது பார்க்கும் முறை. முதல் ஓட்டத்தில் சத்தம் வராது. கையில் கொடுத்த தாளில் இரண்டு கட்டம் இருக்கிறது. ஷாட் மாறும்போதெல்லாம், ஜப்பானில் எடுத்தது என்று தோன்றினால் இடது கட்டத்திலும், அமெரிக்காவில் எடுத்தது என்று தோன்றினால் வலது கட்டத்திலும் ஒரு கோடு போடுங்கள். மண்ணின் நிறம், வெயிலின் சாய்வு, படத்தின் சொரசொரப்பு, இந்த மூன்றையும் கவனித்தால் போதும். முகம் மறைந்து கவசம் வரும் இடத்தில் கையைத் தூக்குங்கள், அங்கே நிறுத்துகிறோம். இரண்டாம் ஓட்டத்தில் சத்தத்தோடு பார்ப்போம். அப்போது ரீட்டாவின் உதட்டை மட்டும் பாருங்கள்.

தம்பி, அந்தக் கடைசி விளக்கையும் அணைத்துவிடு.