வானத்தைக் கூண்டில் ஏற்றாதீர்கள்

நடுவர் அவர்களே, அவையோரே, வணக்கம். விளைச்சல் பொய்த்த வீட்டில் பிள்ளையின் படிப்பு நிற்கக் காரணம் இயற்கையா, மனிதரா என்பது தலைப்பு. மனிதரே என்று வாதாட வந்திருக்கிறேன்.

எனக்கு முன்னால் பேசிய எதிரணி அண்ணன் வறட்சி, வெள்ளம், வெட்டுக்கிளி என்று வரிசையாக அடுக்கிவிட்டு, "மனிதன் பாவம், என்ன செய்வான்?" என்று கேட்டு உட்கார்ந்தார். நல்ல கைதட்டல். நானும்தான் தட்டினேன். சரி அண்ணே, ஒன்று கேட்கிறேன்: வானத்துக்கு ஆண், பெண் தெரியுமா? உகாண்டாவில் மழை குறைந்த ஆண்டுகளில் தொடக்கப் பள்ளியில் பெண் பிள்ளைகளின் எண்ணிக்கை சரிந்தது, அதிலும் மேல் வகுப்புகளில். பையன்களின் எண்ணிக்கை பெரிதாக அசையவில்லை. ஒரே வீடு, ஒரே காய்ந்த நிலம். யாரை நிறுத்துவது என்று முடிவு செய்தது மேகமா?

அந்த முடிவு ஒரே நாளில் வருவதில்லை. முதலில் ஆடு விற்கப்படும். அப்புறம் விதைக்கு வைத்திருந்த தானியம் உலையில் ஏறும். அப்பா வெளியூருக்குப் பிழைக்கப் போவார், அம்மா கூலிக்குப் போவாள். கைக்குழந்தையை யார் பார்ப்பது? கிணறு வற்றியதால் தூரமாகிப்போன தண்ணீரை யார் எடுத்து வருவது? பள்ளியில் கட்டணம் இல்லை என்று பெருமையாகச் சொல்கிறோம். பள்ளி பணத்தை மட்டுமா கேட்கிறது? அந்தப் பெண்ணின் காலைப் பொழுதையும் கேட்கிறது. வீட்டில் இப்போது இல்லாதது அதுதான். "ஒரு பருவம்தானே" என்று நிறுத்துவார்கள். அடுத்த ஆண்டு அவள் வயதுக்காரர்கள் ஒரு வகுப்பு மேலே இருப்பார்கள். சின்னப் பிள்ளைகளோடு உட்கார அவளுக்குக் கூச்சம்.

இன்னொரு வேடிக்கை கேளுங்கள். இந்தியக் கிராமங்களில் மழை நன்றாகப் பெய்த ஆண்டுகளிலும் பிள்ளைகளின் பள்ளி வருகை குறைந்திருக்கிறது! வயலில் வேலை கூடுகிறது, கூலி கூடுகிறது, பிள்ளை அங்கே போய்விடுகிறது. பெய்தாலும் குற்றம், பெய்யாவிட்டாலும் குற்றம் என்றால் மழையை எந்தக் கூண்டில் ஏற்றுவது?

தான்சானியாவின் ககேரா பகுதியில் 1990களின் தொடக்கத்தில் பூச்சியாலும் எலியாலும் பயிரை இழந்த வீடுகளில் பிள்ளைகளின் வேலை நேரம் கூடியது. கொஞ்சம் சொத்து இருந்த வீடுகளில் அந்தக் கூடுதல் குறைவு. எலி பணக்காரர் வயல் என்று பார்த்தா கடித்தது?

1997இல் மெக்சிகோ 'புரோகிரேசா' திட்டத்தைத் தொடங்கியது. பிள்ளை ஒழுங்காகப் பள்ளிக்கு வந்தால் தாயின் கையில் பணம். வறட்சி வந்தபோதும் அந்த வீட்டுப் பிள்ளைகள் பெரும்பாலும் பள்ளியை விடவில்லை. ஒன்றை மறைக்காமல் சொல்கிறேன், எதிரணி வேண்டுமானால் எடுத்துக்கொள்ளட்டும்: அவர்கள் வேலைக்குப் போவது நிற்கவில்லை. வேலைக்கும் போனார்கள், பள்ளிக்கும் போனார்கள். ஆனால் பெயர் வருகைப் பதிவேட்டில் இருந்தது. அங்கே மாறியது மழையா, நடுவர் அவர்களே?

மணி அடித்துவிட்டீர்கள். உட்காருகிறேன்.