ஒரு தவணைகூடத் தவறாத 63 தொகுதிகள்

[திரையில்: நூலக அலமாரி. ஒரே மாதிரி கட்டமைத்த தடித்த புத்தகங்கள், வரிசையாக.]

வணக்கம். ஒரு சின்னக் கணக்கோடு தொடங்குவோம். 1885 ஜனவரியில் ஒரு நூலின் முதல் தொகுதி லண்டனில் வெளியாகிறது. மூன்று மாதத்துக்கு ஒரு தொகுதி என்பது வாசகர்களுக்குக் கொடுத்த வாக்கு. கடைசித் தொகுதி 1900-இன் நடுவில் வருகிறது. இடையில் 15 ஆண்டு, 6 மாதம். ஆண்டுக்கு நாலு வீதம் 62. முதல் தொகுதியையும் சேர்த்தால் 63.

அலமாரியில் இருப்பவற்றை எண்ணிப் பாருங்கள். சரியாக 63.

இதில் எழுதியவர்கள் 653 பேர். அத்தனை பேரிடமும் கட்டுரை வாங்கி, சரிபார்த்து, வெட்டி, அச்சுக்கோத்து, ஒரு தவணைகூடத் தப்பாமல் கொண்டுவந்திருக்கிறார்கள். ஒரு ஆண்டு மலருக்குக் கட்டுரை கேட்டு நாலு பேர் பின்னால் அலைந்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

நூலின் பெயர் டிக்‌ஷனரி ஆஃப் நேஷனல் பயாகிரஃபி. சுருக்கமாக டிஎன்பி. பிரிட்டன், அயர்லாந்து வரலாற்றில் இடம்பெற்ற மனிதர்களின் வாழ்க்கைக் குறிப்புகள், ஆங்கில அகர வரிசையில்.

[திரையில்: ஜார்ஜ் ஸ்மித்தின் உருவப்படம்.]

இதற்குக் காசு போட்டவர் ஜார்ஜ் ஸ்மித். ஸ்மித், எல்டர் நிறுவனத்தின் முதலாளி. 1847-இல், அவருக்கு 23 வயது இருக்கும்போது, முகம் தெரியாத ஒருவரின் நாவல் கையெழுத்துப் பிரதி அவரிடம் வந்தது. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் படிக்க எடுத்தவர், அன்றைக்குப் போவதாக இருந்த குதிரைச் சவாரியை விட்டுவிட்டு, இரவு படுக்கப்போவதற்குள் முடித்துவிட்டார். அந்த நாவல் ‘ஜேன் அயர்’. சார்லட் பிராண்டியை உலகத்துக்குக் கொண்டுவந்த பதிப்பாளர் இவர்தான்.

ஆனால் டிஎன்பி போன்ற ஒரு நூலை நடத்த நாவல் விற்ற காசு போதாது. ஸ்மித்துக்குப் பெரிய பணம் வேறு இடத்திலிருந்து வந்தது: அப்பாலினாரிஸ் என்ற ஜெர்மன் ஊற்று நீர். அதை பாட்டிலில் பிரிட்டனுக்குக் கொண்டுவந்து விற்ற தொழிலில் அவருக்குக் கொழுத்த லாபம். தண்ணீர் விற்ற காசுதான் இந்த அலமாரி. டிஎன்பியில் லாபம் வராது என்று தெரிந்தே இறங்கினார். பல்லாயிரம் பவுண்டு கையைவிட்டுப் போயும் நிறுத்தவில்லை. பதிப்பாளர் ஒருவர் தன் நாட்டுக்குச் செய்த இதைவிடப் பெரிய கொடையை நான் அறியேன்.

1882-இல் அவர் மனத்தில் இருந்தது உலகம் முழுமைக்குமான வாழ்க்கை வரலாற்று அகராதி. ஆசிரியராக அவர் நாடியது லெஸ்லி ஸ்டீஃபனை. ஸ்மித்தின் கார்ன்ஹில் இதழை நடத்தியவர், ஆல்ப்ஸ் மலையேறி, அந்த ஜனவரியில் பிறந்த வர்ஜீனியாவின் அப்பா. ஆம், பின்னாளில் நாவலாசிரியர் வர்ஜீனியா வுல்ஃப். உலகம் முழுவதும் முடியாது, நம் நாட்டோடு நிறுத்திக்கொள்வோம் என்றார் ஸ்டீஃபன்.

அவர் பயந்ததில் நியாயம் இருந்தது. பயோகிராஃபியா பிரிட்டானிகா என்ற பழைய நூலின் இரண்டாம் பதிப்பு, 18-ஆம் நூற்றாண்டின் கடைசியில் ‘எஃப்’ எழுத்திலேயே நின்றுபோயிருந்தது. 1840-களில் ஒரு சங்கம் உலக வாழ்க்கை வரலாற்று அகராதி தொடங்கி, ‘ஏ’ எழுத்தை மட்டும் முடித்து, பண இழப்போடு கைவிட்டிருந்தது. அகர வரிசையில் நூல் போடுபவருக்கு இதுதான் பெரிய ஆபத்து. பாதியில் விட்டால் மீதி எழுத்துக்காரர்கள் யாருமே உள்ளே இல்லை.

[திரையில்: அத்தினியம் இதழின் பெயர்ப் பட்டியல் பக்கம்.]

அப்புறம் வேலை முறை. சேர்க்கப்போகும் பெயர்களின் பட்டியலை அத்தினியம் வார இதழில் முன்கூட்டியே அச்சிட்டார்கள். விட்டுப்போனவர் யாராவது உண்டா என்று வாசகர்கள் பார்த்து எழுதலாம். 1883-இல் ஸ்டீஃபனுக்கு உதவியாக வந்தார் சிட்னி லீ, வயது 23.

ஒரு கட்டுரையைக் கிட்டத்தில் பாருங்கள். தலைப்பில் பெயர், பிறந்த ஆண்டு, இறந்த ஆண்டு, என்னவாக இருந்தார் என்பது. பிறகு நேரடியாகக் குடும்பம், படிப்பு, வேலை. ‘மாமேதை’, ‘ஒப்பற்ற’ எல்லாம் கிடையாது. கடைசியில் சதுர அடைப்புக்குள், இந்தத் தகவல் எங்கிருந்து வந்தது என்ற விவரம்: எந்தக் கையெழுத்துப் பிரதி, எந்தத் தேவாலயப் பதிவேடு. அதற்கும் கீழே எழுதியவரின் தலைப்பெழுத்து. இரங்கல் அறிவிப்புகளில் ‘மலர்கள் வேண்டாம்’ என்று போடுவார்களே, அதை எடுத்து இந்த நூலின் நடைக்கு விதியாகச் சொன்னார் ஆல்ஃபிரட் ஐஞ்சர் என்ற பாதிரியார். டிஎன்பியைப் பற்றிப் பேசும்போது இன்றும் எடுத்துக்காட்டும் வாக்கியம் அது.

ஸ்டீஃபனின் உடல்நிலையை வேலை தின்றது. அது முகப்புப் பக்கங்களிலேயே தெரிகிறது. 21-ஆம் தொகுதி வரை ஸ்டீஃபன் பெயர் மட்டும். 22 முதல் 26 வரை இருவர் பெயரும். 27-இலிருந்து கடைசி வரை சிட்னி லீ. ஒரு மனிதர் களைத்துப்போய்ப் பொறுப்பைக் கைமாற்றுவதை இவ்வளவு சுருக்கமாகச் சொல்லும் ஆவணம் வேறு இருக்காது. ஆசிரியர் பொறுப்பை விட்டபிறகும் ஸ்டீஃபன் கட்டுரை எழுதுவதை விடவில்லை.

[திரையில்: எழுத்து வரிசை நகர்கிறது. அதன் கீழே ஆண்டுகள்.]

இப்போது எனக்கு மிகவும் பிடித்த பகுதி. டிஎன்பியில் உயிரோடிருப்பவர்களுக்கு இடமில்லை. ஆக, உங்கள் எழுத்து அச்சாகும் முன்பே நீங்கள் இறந்திருக்க வேண்டும். கவிஞர் டென்னிசன் 1892-இல் இறந்தார். அவருடைய ‘டி’ (T) எழுத்து 1898-இல்தான் வந்தது, அதனால் உள்ளே. கிளாட்ஸ்டன் நான்கு முறை பிரிட்டனின் பிரதமர். ஆனால் ‘ஜி’ கடந்துபோன பிறகு, 1898-இல் இறந்தார். அதனால் 63 தொகுதியில் எங்குமே இல்லை. கவிஞர் எலிசபெத் பேரட் பிரவுனிங் 1886-இல் வந்த 7-ஆம் தொகுதியில் இருக்கிறார். அவருடைய கணவர் ராபர்ட் பிரவுனிங் அப்போது உயிரோடு இருந்தார். தன் மனைவியின் வாழ்க்கை அச்சில் வந்ததை அவர் கையில் எடுத்துப் புரட்டியிருக்கலாம்.

இப்படித் தப்பியவர்களுக்காக 1901-இல் மூன்று துணைத் தொகுதிகள் வந்தன. ஏறக்குறைய ஆயிரம் பேர். அதில் இருநூறுக்கு மேல், காலத்தால் தப்பாமல் ஆசிரியர்கள் கண்ணுக்கே தப்பியவர்கள். விக்டோரியா ராணி அந்த ஜனவரியில் இறந்ததால், அவரையும் சேர்த்துக்கொண்டார்கள். ஜார்ஜ் ஸ்மித் ஏப்ரலில் இறந்தார். அவரைப் பற்றி லீ எழுதிய நினைவுக் கட்டுரையும் அதே துணைத் தொகுதிகளில்தான் இருக்கிறது. 1904-இல் பிழைதிருத்தத்துக்கென்றே தனியாக ஒரு தொகுதி போட்டார்கள். பிழையை ஒளிக்காமல் புத்தகமாகவே போட்டதற்காக அவர்கள் மீது எனக்குத் தனி மரியாதை.

1917-இல் ஸ்மித் குடும்பம் டிஎன்பியை ஆக்ஸ்ஃபோர்டு பல்கலைக்கழகத்துக்குக் கொடுத்துவிட்டது. அதன்பின் பெரும்பாலும் பத்தாண்டுக்கு ஒரு துணைத் தொகுதி என்று ஓடியது. 1993-இல், நூறாண்டாக விட்டுப்போனவர்களுக்காக ஒரு தொகுதி வந்தது. கவிஞர்கள் ஜெரார்ட் மேன்லி ஹாப்கின்ஸும் வில்ஃப்ரட் ஓவனும் அதுவரை வெளியேதான் நின்றிருந்தார்கள் என்றால் பாருங்கள். பெண்கள் நிலை இன்னும் மோசம். பழைய டிஎன்பியில் நூற்றுக்கு ஐந்து பேர்கூடத் தேறவில்லை. 2004-இல் முழுவதுமாகத் திருத்தி எழுதிய புதுப் பதிப்பு வந்தபோதுதான் அது ஏறத்தாழ பத்தானது.

[திரையில்: இரண்டு பக்கங்கள், அருகருகே.]

நமக்குத் தெரிந்த ஒரு பெயரையும் இதில் தேடலாம். போப் என்ற பெயருக்கான தொகுதி 1896-இல் வந்தது. அதில் கவிஞர் அலெக்சாண்டர் போப் இருக்கிறார். திருக்குறளை மொழிபெயர்த்த நம் ஜி. யு. போப் இல்லை. அவர் அப்போது ஆக்ஸ்ஃபோர்டில் தமிழ் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தார், திருவாசக மொழிபெயர்ப்பு இன்னும் வெளிவரவில்லை. 1908-இல் இறந்தபின், 1912-இன் துணைத் தொகுதியில் சேர்ந்தார்.

2004 பதிப்பு 60 தொகுதிகள். பழைய நூலில் இருந்த யாரையும் அதில் நீக்கவில்லை. துணைத் தொகுதிகளில் சிதறிக் கிடந்தவர்களெல்லாம் ஒரே வரிசைக்குள் வந்தார்கள். இரண்டு போப்புகளும் ஒரே எழுத்தின் கீழ். பிரவுனிங் தம்பதியும் அப்படித்தான், 118 ஆண்டுக்குப் பிறகு.