தவளைத் தோலும் செல்லின் சவ்வும்

அவையோருக்கு வணக்கம்.

அமெரிக்காவின் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் சாஸ்லாஃப் என்ற மருத்துவர் ஆய்வு செய்துகொண்டிருந்தார். ஆப்பிரிக்க நகத் தவளைகளின் வயிற்றைக் கீறி, வேண்டியதை எடுத்துக்கொண்டு, தையல் போட்டு மறுபடியும் தொட்டியில் விடுவார். தொட்டித் தண்ணீரில் கிருமிகளுக்குக் குறைவில்லை. அதில் கிடந்தும் புண் சீழ் பிடிக்காமல் ஆறியது. ஏன் என்று கேட்டார். தோலிலிருந்து அவர் பிரித்தெடுத்த பெப்டைடுகளை, அதாவது அமினோ அமிலங்கள் கோத்த சிறு சங்கிலிகளை, 1987இல் உலகுக்கு அறிவித்தார். எபிரேய மொழியில் கேடயத்தைக் குறிக்கும் சொல்லிலிருந்து அவற்றுக்கு மாகைனின் என்று பெயரிட்டார்.

மாகைனினில் இருப்பவை 23 அமினோ அமிலங்களே. நாம் ஊசியாகப் போட்டுக்கொள்ளும் இன்சுலினில் 51 உண்டு. இவ்வளவு சிறியது ஒரு பாக்டீரியாவைக் கொல்கிறது என்றால், அதன் சூட்சுமம் உருவத்தில்தான் இருக்கிறது.

என் கையில் உள்ள இந்தப் பென்சிலைப் பாருங்கள். நீளவாக்கில் ஒரு பக்கம் நீலமும் மறுபக்கம் மஞ்சளும் பூசிக் கொண்டுவந்திருக்கிறேன். தண்ணீரில் மாகைனினுக்கு இப்படி ஓர் உருவம் கிடையாது. நூல்போலத் துவண்டு கிடக்கும். பாக்டீரியாச் செல்லைப் போர்த்தியிருக்கும் சவ்வைத் தொட்டதும் சுருண்டு இந்தப் பென்சில்போல ஆகிவிடுகிறது. நீலப் பக்கத்தில் நேர்மின்னூட்டம் கொண்ட லைசின் என்ற அமினோ அமிலங்கள். மஞ்சள் பக்கம் எண்ணெயோடு சேரும், தண்ணீரோடு ஒட்டாது. செல்லின் சவ்வோ இரண்டு அடுக்குக் கொழுப்பு மூலக்கூறுகளால் ஆனது. தலைகள் தண்ணீரைப் பார்த்தபடி இருக்க, வால்கள் உள்ளே எண்ணெயாக நிற்கின்றன. ஆகவே சுருள் சவ்வின் மேல் படுக்கையாகப் பதிந்துகொள்கிறது, மஞ்சள் பக்கம் கீழே, நீலம் மேலே.

நம் செல்களை இது ஏன் விட்டுவிடுகிறது? பாக்டீரியாச் சவ்வின் வெளிமுகத்தில் எதிர்மின்னூட்டம் மிகுதி; நேர்மின்னூட்டச் சுருளை அது இழுத்துப் பிடிக்கிறது. நம் செல்களின் வெளிமுகத்தில் உள்ள கொழுப்புகளில் பெரும்பாலானவற்றுக்கு நிகர மின்னூட்டம் இல்லை. போதாக்குறைக்கு, நாம் சதா குறைசொல்லும் கொலஸ்ட்ரால் அங்கே சவ்வை இறுக்கிக் காக்கிறது.

ஒன்றிரண்டு சுருள்கள் படுத்தால் சவ்வு தாங்கும். கூட்டம் சேரச் சேர, தலைகள் விலகி, சவ்வு மெலிகிறது. ஒரு கட்டத்தில் சில சுருள்கள் நிமிர்ந்து குத்திட்டு நிற்கின்றன. எண்ணெய்ப் பகுதியின் தடிமன் ஏறக்குறைய 3 நானோமீட்டர், சுருளின் நீளம் 3.5, அளவெடுத்துச் செய்ததுபோல இருக்கிறது! கொழுப்புத் தலைகளும் வளைந்து சுருள்களோடு சேர்ந்து துளையின் சுவராகின்றன. உள்ளிருப்பது வெளியே கசிகிறது. துளை நெடுநேரம் நிலைப்பதில்லை. அது குலையும்போது சில சுருள்கள் உட்பக்கம் போய்ச் சேர்கின்றன. சவ்வைக் கடப்பது என்று நாங்கள் சொல்வது இதைத்தான். எத்தனை முறை விளக்கினாலும் எனக்கு இந்த இடத்தில் வியப்பு குறைவதில்லை.

சர்க்கரை நோயாளிகளின் காற்புண்ணுக்கு இதன் வழிவந்த பெக்சிகனான் என்ற களிம்பைச் செய்தார்கள். நம் வீடுகளில் அந்தப் புண்ணின் வேதனையை அறியாதவர் குறைவு. ஏற்கெனவே புழக்கத்தில் இருந்த மாத்திரையோடு ஒப்பிட்டுச் சோதித்த பிறகு, 1999இல் அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு அனுமதி மறுத்துவிட்டது. அந்தக் களிம்பு இன்றுவரை மருந்துக்கடைக்கு வரவில்லை.